பேசிப் பேசியே ஒரு சட்டத்தை நிறுத்துவது நியாயமா?

அரைப்பக்கம் கேட்டது:

ரொம்ப நாளாக உறுத்துகிற கேள்வி, விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது. அமெரிக்க செனட்டில் மொத்தம் 100 பேர். ஒரு மசோதாவுக்கு 55 பேர் ஆதரவு என்றால் அது நிறைவேறிவிட வேண்டும், அதுதானே கணக்கு? ஆனால் பெரும்பாலான மசோதாக்களுக்கு, விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குப் போவதற்கே 60 ஓட்டு வேண்டுமாம். 41 பேர் அசையாமல் நின்றால் மீதி 59 பேரும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதற்கு ஃபிலிபஸ்டர் என்று ஒரு பெயர், அதைச் சிறுபான்மையின் உரிமை என்று பெருமை வேறு. தேர்தலில் தோற்றவன் ஜெயித்தவனைக் கட்டிப்போடுவது எப்படி உரிமையாகும்?

இது எனக்குச் சொந்தப் பிரச்சினை மாதிரி ஆகிப்போனதற்கு ஒரு காரணம் உண்டு. நான் உறுப்பினராக இருக்கிற ஒரு சங்கத்தில் விதிகளைத் திருத்தப் பொதுக்குழு கூட்டினோம். மூன்றே பேர். ஒவ்வொரு விதியையும் இரண்டு தடவை படிக்கச் சொன்னார்கள், ஒவ்வொன்றுக்கும் எழுந்து பேசினார்கள், ஒருவர் உட்கார்ந்தால் அடுத்தவர் எழுந்தார். இரவு ஒன்பது மணிக்குப் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள், கோரம் (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச ஆள்) இல்லை, கூட்டம் ஒத்திவைப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த கூட்டத்தில் அந்த மூன்று பேரில் ஒருவர் எழுந்து 14-வது விதியைக் காட்டினார். 'தலைவர் மற்றும் பொருளாளர்' கையெழுத்திட வேண்டும் என்று இருக்க வேண்டிய இடத்தில் 'தலைவர் அல்லது பொருளாளர்' என்று இருந்தது. ஒரே ஆள் கையெழுத்தில் வங்கிப் பணத்தை எடுக்கலாம் என்று ஆகியிருக்கும். கைத்தவறா, வேண்டுமென்றே செய்ததா, தெரியவில்லை. எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. ஆனாலும் என் கோபம் போகவில்லை. அதை முதல் நாளே ஒரு வரியில் சொல்லித் தொலைத்திருக்கலாமே?

---

பழுப்புக்கோப்பு:

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். ஃபிலிபஸ்டர் அமெரிக்க அரசியல் சட்டத்தில் இல்லை. யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த ஏற்பாடும் இல்லை, கிட்டத்தட்ட ஒரு விபத்து. 1805-இல் துணை ஜனாதிபதி ஏரன் பர் பதவியை விட்டுப் போகும்போது, செனட்டின் விதிப் புத்தகத்தில் தேவையில்லாதவை நிறைய இருக்கின்றன, சுத்தம் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வருஷம் சுத்தம் செய்தபோது, விவாதத்தை நிறுத்தி ஓட்டுக்கு விடப் பயன்பட்டிருக்கக்கூடிய ஒரு விதியும் குப்பையோடு போய்விட்டது. அதை ஓர் ஓட்டை என்று கண்டுபிடித்துப் பெரிதாகப் பயன்படுத்த ஆரம்பித்தது சில பத்தாண்டுகள் கழித்துத்தான்.

1917 வரை செனட்டில் விவாதத்தை முடித்துவைக்க வழியே கிடையாது. அந்த வருஷம் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குப் பயந்து வணிகக் கப்பல்களில் பீரங்கி வைக்க ஜனாதிபதி வில்சன் அனுமதி கேட்டார். கூட்டத்தொடர் முடிய இருந்த நேரம், பத்துப் பன்னிரண்டு பேர் பேசியே நாளைக் கடத்தினார்கள், மசோதா செத்தது. வில்சன் கொதித்துப்போய் ஓர் அறிக்கை விட்டார். நான்கே நாளில், மார்ச் 8 அன்று, செனட் 76-க்கு 3 என்று ஒரு விதியைக் கொண்டுவந்தது: மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்மதித்தால் விவாதத்தை மூடலாம். 1975-இல் அது ஐந்தில் மூன்று பங்காக, அதாவது 60 ஆகக் குறைந்தது.

இப்போது நான் சொல்ல வந்தது. கெட்டுப்போனது அந்த 60 என்ற எண்ணால் இல்லை. 1970-களில், ஒரு மசோதா முட்டிக்கொண்டு நின்றால் அதை ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம் என்று ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். கேட்க நல்ல யோசனை மாதிரிதான் இருக்கிறது, சபை முடங்காது. ஆனால் அதோடு முட்டுக்கட்டை போடுகிறவன் நின்று பேச வேண்டிய அவசியமும் போய்விட்டது. 'நான் எதிர்க்கப் போகிறேன்' என்று ஒரு தகவல் அனுப்பினால் போதும், தூங்கப் போய்விடலாம்.

பழைய ஆட்களைப் பாருங்கள். 1957-இல் தென் மாநிலச் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட், கறுப்பர்களின் வாக்குரிமைக்கான மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் நின்றபடி பேசினார். நடுவில் வெளியே போக வேண்டிவரக் கூடாது என்று முன்கூட்டியே நீராவிக் குளியல் போட்டு உடம்பிலிருந்த நீரை வற்றவைத்துக்கொண்டு வந்தார் என்பார்கள். 48 மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அவர் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மசோதா நிறைவேறிவிட்டது, அது வேறு கதை. அவர் கொள்கை எனக்கு அருவருப்பு. ஆனால் அவர் அதற்காக உடம்பால் ஒரு விலை கொடுத்தார், நாடே பார்த்தது, யார் எதற்காகத் தடுக்கிறான் என்பது பதிவானது. உங்கள் சங்கத்து மூன்று பேரும் அப்படித்தான், தொண்டை வறள நின்றிருக்கிறார்கள். இன்றைக்கு செனட்டில் நடப்பது விவாதமே கிடையாது, பேசாமலே ஒரு வீட்டோ.

---

ஓரவகுப்பு:

கேள்வியிலேயே ஒரு கோணல் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். 'தோற்றவன்' என்று ஒரே சொல்லில் எல்லாரையும் அடைத்துவிட்டீர்கள். இன்று தோற்று நாளை ஜெயிக்கக்கூடிய கட்சி ஒரு ரகம். எத்தனை தேர்தல் நடந்தாலும் ஜெயிக்கவே முடியாத கூட்டம் இன்னொரு ரகம்.

1881-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அயர்லாந்து உறுப்பினர்கள் செய்ததைப் பாருங்கள். அயர்லாந்தில் விசாரணையில்லாமல் ஆட்களைப் பிடித்து உள்ளே வைக்க ஒரு மசோதா வந்தது. பார்னெல் தலைமையில் இருந்தவர்கள் சில டஜன் பேர்தான், சபையோ 650 பேர் கொண்டது. அயர்லாந்து முழுக்க அவர்களுக்கே ஓட்டுப் போட்டாலும் அந்தச் சபையில் அவர்கள் பெரும்பான்மை ஆகவே முடியாது. அவர்களிடம் இருந்த ஒரே ஆயுதம் நேரம். ஜனவரி 31 திங்கள் மாலை நான்கு மணிக்குக் கூடிய சபை புதன் காலை ஒன்பதரை வரை, 41 மணி நேரத்துக்கு மேல் நடந்தது. கடைசியில் சபாநாயகர் பிராண்ட் எந்த விதியும் இல்லாமல், என் அதிகாரத்தில் முடிக்கிறேன் என்று சொல்லி முடித்தார். அடுத்த வருஷம் விவாதத்தை மூடும் விதி வந்தது, 1887-இல் இத்தனை மணிக்கு முடித்தே ஆக வேண்டும் என்ற கில்லட்டினும் வந்தது. இன்று பல நாடாளுமன்றங்களில் இருக்கிற இந்த மாதிரி விதிகளுக்கு மூலம் அந்த ராத்திரிதான்.

தடுக்க முடிந்ததா என்றால் இல்லை, மசோதா சட்டமாகிவிட்டது. ஆனால் அயர்லாந்தில் என்ன நடக்கிறது என்று கவலையே படாதவர்களையும் இரண்டு ராத்திரி தூங்கவிடாமல் உட்காரவைத்தார்கள் இல்லையா? தாமதம் என்பது சில நேரம் கவனத்தைப் பிடித்து இழுக்கிற கயிறு.

2016-இல் தென்கொரியாவில் பயங்கரவாதத் தடுப்பு மசோதாவை எதிர்த்து எதிர்க்கட்சிகளைச் சேர்ந்த 38 பேர் மாற்றி மாற்றி 192 மணி நேரம் பேசினார்கள். பிப்ரவரி 23-இல் ஆரம்பித்து மார்ச் 2 வரை. சிலர் தனி ஆளாகவே பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றார்கள். உளவுத் துறைக்கு என்னென்ன அதிகாரம் போகிறது என்று மக்கள் நேரலையில் உட்கார்ந்து கேட்டார்கள். முடிவில் மசோதா நிறைவேறியது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? ஒன்பது நாள், அவ்வளவுதான்.

---

அரைப்பக்கம்:

நிரந்தரச் சிறுபான்மை என்ற விஷயத்தை நான் யோசிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வாதத்தை அமெரிக்கத் தெற்கத்திக்காரர்களும்தானே சொன்னார்கள்? நாங்கள் சில மாநிலங்கள்தான், பெரும்பான்மை எங்களை மிதிக்கிறது என்று? எந்தச் சிறுபான்மை நல்லது, எது கெட்டது என்று விதிப் புத்தகம் எப்படிக் கண்டுபிடிக்கும்?

---

பழுப்புக்கோப்பு:

கண்டுபிடிக்காது. அதுதான் சிக்கலே. செனட்டில் தங்களைச் சிறுபான்மை என்று சொல்லிக்கொண்டவர்கள் தங்கள் ஊரில் ஓட்டே போட முடியாமல் கிடந்த இன்னொரு சிறுபான்மையின் கழுத்தில் காலை வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார்கள். கும்பல் கொலைக்கு எதிரான மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தின் இன்னொரு அவையான பிரதிநிதிகள் சபையில் 1922-இல் நிறைவேறி செனட்டுக்கு வந்தது, பேச்சால் கொன்றார்கள். 1938-இல் மறுபடி ஒன்று, மறுபடி கொன்றார்கள். அப்படி ஒரு சட்டம் கடைசியில் கையெழுத்தானது 2022-இல். நூறு வருஷம். ஓரவகுப்பு சொல்கிற 'ஒன்பது நாள்தானே' என்பதற்கும் இதற்கும் நடுவில்தான் மொத்த விவாதமும் இருக்கிறது. முடிவு தேதி இருக்கிற தாமதம் வேறு, முடிவே இல்லாதது வேறு.

1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு செனட் அறுபது வேலை நாள் செலவழித்தது. ஜூன் 10 அன்று விவாதத்தை மூட ஓட்டெடுப்பு. கலிஃபோர்னியா உறுப்பினர் கிளேர் எங்கிளுக்கு மூளையில் கட்டி, பேச்சு போய்விட்டது. சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். பெயரைக் கூப்பிட்டபோது வாய் அசையவில்லை, கையைத் தூக்கிக் கண்ணைக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் 'ஆம்' என்ற ஓட்டுக்கும் ஒரே உச்சரிப்பு, 'ஐ'. குமாஸ்தா ஆம் என்று குறித்துக்கொண்டார். 71-க்கு 29. அடுத்த மாதமே அவர் இறந்துபோனார்.

---

கடைசிபெஞ்சு:

எல்லாரும் செனட்டைப் பற்றியே பேசுகிறீர்கள், பக்கத்து அறையில் நடந்த கூத்தை விட்டுவிட்டீர்கள். எனக்குப் பிடித்த கதை இது.

பிரதிநிதிகள் சபையில் ஒரு காலத்தில் சிறுபான்மைக் கட்சி பேசக்கூட வேண்டாம், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். பெயர் கூப்பிடும்போது பதில் சொல்ல மாட்டார்கள். பதில் சொல்லாதவர் வரவில்லை என்று கணக்கு. கோரம் சேராது, சபை நடக்காது. ஆள் என்னவோ கண் முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்! 1890 ஜனவரி 29 அன்று சபாநாயகர் தாமஸ் ரீட் (மலை மாதிரி ஆள், நாக்கோ கத்தி) பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து, வந்திருப்பதாகக் குறிக்கும்படி குமாஸ்தாவிடம் சொன்னார். சபையே கொதித்தது. கென்டக்கி உறுப்பினர் மெக்ரியரி எழுந்து, என்னை வந்திருப்பதாகக் கணக்கெடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று கத்தினார். ரீட் அசரவில்லை. உறுப்பினர் வந்திருக்கிறார் என்ற உண்மையைத்தான் சொல்கிறேன், அதை அவர் மறுக்கிறாரா என்று கேட்டார். நின்றுகொண்டு 'நான் வரவில்லை' என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் கொஞ்ச நாள் ஓடி ஒளிவது, கதவைப் பூட்டுவது, பூட்டிய கதவை டெக்சாஸ்காரர் ஒருவர் உதைத்துக்கொண்டு வெளியே போவது என்று அமர்க்களம். அதோடு அந்தச் சபையில் சிறுபான்மையின் கை ஒடிந்தது, இன்று வரை பெரும்பான்மை வைத்ததுதான் சட்டம். ஆனால் கதை இதோடு முடியவில்லை. அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சி ஜெயித்து ரீடின் விதியைத் தூக்கிப் போட்டது. ரீட் என்ன செய்தார்? தன் ஆட்களைக் கூட்டிவைத்துக்கொண்டு அதே மௌன விரதம். நாள் கணக்காகச் சபை முடங்கி, 1894-இல் அவர்கள் வேறு வழியில்லாமல் அவருடைய விதியையே திரும்பக் கொண்டுவந்தார்கள்.

செனட்டிலும் இதே கதைதான். 2013-இல் ஜனநாயகக் கட்சி நீதிபதி நியமனங்களுக்கு 60 வேண்டாம், சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று மாற்றியது, உச்ச நீதிமன்றத்தை மட்டும் விட்டுவைத்தது. 2017-இல் குடியரசுக் கட்சி அதையும் எடுத்தது. தடுப்பவனாக இருக்கும்போது அது உரிமை, தடுக்கப்படுகிறவனாக இருக்கும்போது அது அராஜகம். இரண்டு பக்கமும் பேசுகிற வாய் ஒன்றுதான், நாற்காலிதான் மாறுகிறது.

---

நீலமை:

நம் நாடாளுமன்றத்தில் ஏன் ஃபிலிபஸ்டர் இல்லை என்று யாரும் கேட்கவில்லையே. எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்று அலுவல் ஆய்வுக் குழு முன்கூட்டியே முடிவு செய்கிறது, அதைக் கட்சிகளுக்கு எண்ணிக்கை விகிதத்தில் பிரிக்கிறார்கள், சின்னக் கட்சி உறுப்பினர் எழுந்து 'மாண்புமிகு' என்று தொடங்கி முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. பேசித் தடுக்க வழி இல்லை. அதனால் தடுப்பது நின்றுவிட்டதா? இல்லை, உருவம் மாறியது. பதாகை, கூச்சல், சபையின் நடுவே இறங்குவது, ஒத்திவைப்பு. 2010 மார்ச்சில் மகளிர் இட ஒதுக்கீட்டு மசோதா மாநிலங்களவைக்கு வந்தபோது தாளைக் கிழித்தார்கள், மைக்கைப் பிடுங்கினார்கள், ஏழு பேரை இடைநீக்கம் செய்து மறுநாள் நிறைவேற்றினார்கள். மக்களவை அதை விவாதத்துக்கு எடுக்கவே இல்லை, வேறு மசோதாவாக 2023-இல்தான் வந்தது.

எதிர்த் திசையிலும் பாருங்கள். 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின, எண்ணி ஓட்டெடுங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டது நடக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் விவசாயிகள் தெருவில் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற்றதும் முறையான விவாதம் இல்லாமல்தான். சபைக்குள் நடக்காத விவாதம் சாலையில் நடந்தது.

கொரியாவிலும் ஓரவகுப்பு சொன்ன அந்த 192 மணி நேரத்துக்கு முன்கதை உண்டு. 2008-இல் அங்கே குழு அறைக் கதவைச் சுத்தியலால் உடைத்தார்கள், 2011-இல் ஓர் உறுப்பினர் சபைக்குள் கண்ணீர்ப்புகைக் குண்டையே வெடிக்கவைத்தார். அதற்குப் பிறகுதான் 2012-இல் விதியை மாற்றி, நீண்ட விவாதம் என்ற உரிமையைக் கொடுத்தார்கள், ஐந்தில் மூன்று பங்குப் பேர் சேர்ந்தால் 24 மணி நேரத்தில் முடிக்கலாம் என்ற மூடியோடு. சுத்தியலைவிடப் பேச்சு மேல் இல்லையா?

---

கடைசிபெஞ்சு:

மேல்தான், ஆனால் பேச்சு என்றால் மனிதன் பேச வேண்டும். 2015-இல் இத்தாலி செனட்டில் கால்தெரோலி என்பவர் ஒரு மசோதாவுக்கு 8 கோடிக்கு மேல் திருத்தங்களைக் கொடுத்தார், எல்லாம் ஒரு கணினி நிரல் எழுதித் தள்ளியது. அவைத் தலைவர் மொத்தமாகத் தள்ளுபடி செய்தார். 1997-இல் கனடாவில் டொரன்டோவைச் சுற்றியிருந்த நகராட்சிகளை ஒன்றாக்கும் மசோதாவுக்கு, தெருவுக்கு ஒரு திருத்தம் என்ற கணக்கில் ஆயிரக்கணக்கில் கொடுத்தார்கள், இந்தத் தெருக்காரர்களைக் கேட்டீர்களா, அந்தத் தெருக்காரர்களைக் கேட்டீர்களா என்று. ராப்பகலாக ஒவ்வொன்றாகத் தோற்கடித்துக்கொண்டே வந்த அரசுத் தரப்பு ஒரு நிமிடம் அசந்ததில், ஒரே ஒரு தெருவுக்கான திருத்தம் நிறைவேறியும்விட்டது. அந்தத் தெருவில் குடியிருந்தவர்களை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

---

ஓரவகுப்பு:

சரி, நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். முடிவே இல்லாத தடைக்குப் பழைய போலந்தைவிட வேறு உதாரணம் வேண்டாம். அங்கே ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து 'அனுமதிக்க மாட்டேன்' என்றால் அந்தக் கூட்டத்தொடரே கலைந்துவிடும். 1652-இல் ஆரம்பித்த பழக்கம். பக்கத்து ராஜ்ஜியங்கள் ஓர் ஆளை விலைக்கு வாங்கினால் போதும் என்று ஆயிற்று. 1791-இல் அதை ஒழித்தார்கள், அதற்குள் காலம் கடந்துவிட்டது. நான்கே வருஷத்தில் நாடே வரைபடத்தில் இல்லை.

அதனால் எனக்குச் சரியாகப் படுவது பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை மாதிரி ஏற்பாடு. அவர்கள் ஒரு சாதாரண மசோதாவைச் சுமார் ஒரு வருஷம் தள்ளிப்போடலாம், கொல்ல முடியாது. 1995-இல் டாம் ஹார்கின் என்ற செனட்டரும் அந்த மாதிரி ஒன்று சொன்னார்: முதல் ஓட்டெடுப்பில் 60 வேண்டும், சில நாள் கழித்து 57, அப்புறம் 54, கடைசியில் 51. செனட் ஏற்கவில்லை. ஆனால் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. சிறுபான்மைக்கு நேரம் கிடைக்கும், முடிவு பெரும்பான்மையிடமே இருக்கும்.

ஒரே ஒரு திருத்தம் என் பக்கத்திலிருந்து. சிறுபான்மையின் மொழி, மதம், ஓட்டுரிமை மாதிரி விஷயங்களை இந்தப் பேச்சு விளையாட்டில் விடவே கூடாது. அதற்கு அரசியல் சட்டத்தில் பூட்டு வேண்டும், நீதிமன்றம் வேண்டும். அயர்லாந்துக்காரர்களிடம் அது இருந்திருந்தால் 41 மணி நேரம் கத்தியிருக்க மாட்டார்கள்.

---

பழுப்புக்கோப்பு:

ஹார்கின் யோசனையோடு, தடுப்பவர் சபையில் நின்று பேச வேண்டும் என்பதையும் சேருங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். 2022 ஜனவரியில் வாக்குரிமை மசோதாவுக்காக 'பேசுகிற ஃபிலிபஸ்டர்' விதியைத் திரும்பக் கொண்டுவர முயன்றார்கள், 48-க்கு 52 என்று தோற்றது. அப்பொழுது எதிர்த்து ஓட்டுப் போட்டதில் இரண்டு பேர் ஆளுங்கட்சிக்காரர்களே. தங்கள் கட்சி அடுத்து சிறுபான்மையாகும் நாளைக் கணக்குப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

---

அரைப்பக்கம்:

எல்லாருக்கும் நன்றி. எங்கள் சங்கத்திலும் ஒரு விதி வந்துவிட்டது: திருத்தம் என்றால் 15 நாள் முன்பே எல்லார் கைக்கும் போக வேண்டும், பழைய வாசகமும் புது வாசகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும், கூட்டத்தில் ஒருவருக்கு ஒரு விதிக்கு மூன்று நிமிடம். இதைக் கொண்டுவந்தது யார் என்கிறீர்கள்? அந்த மூன்று பேரில் ஒருவர், 14-வது விதியைக் காட்டியவர்தான். இப்போது அவர் செயலாளர். போன கூட்டத்தில் நான் எழுந்து பேசிக்கொண்டிருந்தபோது மேஜையில் இருந்த மணியை அடித்து உட்காரச் சொன்னதும் அவர்தான். எனக்கு இன்னும் இரண்டு விஷயம் சொல்ல இருந்தது.